சிஎக்ஸ்

ஊபி அவென்யூவில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஏர்கான் சொட்டுகிற இடத்தில் ஒரு மைலோ டின்.
ஜுன் காய் திரையை என் பக்கம் திருப்பினான்.
எட்டு வெள்ளி கட்டி வாங்கிய என் கடன் அறிக்கை
ஒன்றரைப் பக்கம்தான்.
பெயர், பிறந்த தேதி, முகவரி,
அதற்குக் கீழே கட்டம் கட்டமாய் வெறுமை.
மதிப்பு: சிஎக்ஸ்.

"மோசமில்லை ஆன்ட்டி," என்றான்.
"மோசம்னா வேற எழுத்து.
இது, உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்கு."

நாற்பத்தாறு வயது.
ஒன்றும் தெரியாது.

சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.
எங்கள் பிளாக் கீழ்த்தளத்து ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தைக் கேள் தம்பி,
அதற்கு என்னைத் தெரியும்.
பத்தொன்பது வருடம், மாதா மாதம் ஐந்தாம் தேதி,
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
மின்சாரம், தண்ணீர்,
இரண்டு கதவுக் குளிர்சாதனப் பெட்டிக்கு இருபத்துநாலு தவணை,
அவர் மட்டும் உட்கார்ந்த மசாஜ் நாற்காலிக்கு முப்பத்தாறு.
சம்பளம் என்னுடையது. விரல் என்னுடையது.
தட்டியது அவர் எண்.

படிவத்தை நீட்டினான்.
அடையாள அட்டை எண் என்ற கட்டத்தில்
கை தானாக எழுதிப் போனது:
எஸ், ஏழு, ஒன்று
அங்கேதான் உறைத்தது, அது சிவபாலனுடையது.
ஏழு வரைக்கும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.
விவாகரத்து முடிந்து பதினோரு மாதம்;
கைக்கு இன்னும் தாக்கல் போய்ச் சேரவில்லை.
அடித்தேன். பையைத் துழாவி என் அட்டையை எடுத்து
பார்த்துப் பார்த்து எழுதினேன்,
யாரோ ஒருத்தியிடம் காப்பியடிப்பதுபோல.

பிறகு பேரம்.
புது ஹைப்ரிட் கிடையாது.
பழைய ஆல்டிஸ் ஒன்று, சாம்பல் நிறம்,
சிஓஇ முடிய இன்னும் பதினாலு மாதம்.
பின்சீட்டில் எப்போதோ யாரோ வைத்த டுரியான்.
"வாசம் போயிடும் ஆன்ட்டி. ஏறக்குறைய போயிடும்."
வாரம் நானூற்றிருபது.
முன்பணம் மற்றவர்களுக்கு ஆயிரம், எனக்கு இரண்டாயிரம்.
கூடவே ஒரு ஜாமீன் கையெழுத்து.

"சின்னதா ஒரு கிரெடிட் கார்டு எடுங்க," என்றான்,
"கொஞ்சம் கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுங்க.
ஒரு வருஷத்துல எழுத்து மாறும்."
கேலியில்லை. உதவித்தான் பார்த்தான்.
கடன் வாங்காமலே இருந்தது இங்கே கறை.
கறைகூட இல்லை;
கறையென்றால் துவைக்கலாம்.

ரொஹாயாத்தி தேநீர் இடைவேளையில் வந்தாள்,
மருத்துவமனைச் சமையலறையின் தலைவலையோடு.
எட்டு வருடம் ஒரே அடுப்பு வரிசையில் நின்றவள்.
அது எந்த அறிக்கையிலும் வராது.
நான் ஒரு வாரம் தவறினால்
அவள் அறிக்கையில் வரும்.
பக்கங்களை அவள் படிக்கவே இல்லை.
ஒன்றே ஒன்று கேட்டாள், ஏர்கான் வேலை செய்யுமா என்று.
பிறகு கையெழுத்திட்டாள், பெரிய எழுத்தில்,
கோட்டைத் தாண்டி.

திங்கள் காலை ஆறு பத்து.
அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம், நாலாம் தளம்.
கைப்பேசி அதிர்ந்தது.
வாசுகி த/பெ ரெத்தினசாமி,
உங்கள் கணக்கிலிருந்து 420.00 பிடிக்கப்பட்டது.
பணம் போன செய்தியை
இப்படி இரண்டு முறை படித்தவள்
இந்தத் தீவில் வேறு யாரும் இருப்பாளா, தெரியவில்லை.

இன்னும் ஐம்பத்தொன்பது வாரம்.

சன்னலை இறக்கினேன், டுரியானில் கொஞ்சம் வெளியே போனது.
சீட்டை முன்னால் இழுத்தேன்;
எனக்கு முன் ஓட்டியவருக்கு நீளக் கால்கள்.
விமான நிலையத்துக்கு ஓர் அழைப்பு.
முதல் சிவப்பு விளக்கில்
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்:
எஸ், ஏழு,
ஒன்பது
அடுத்தது என்ன என்று யோசிப்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.